அளவும் தீர்ப்பும்: தசைமின் பரிசோதனை எழுப்பும் ஓர் ஒழுக்கவியல் வினா

ஒரு பொருளை அளந்து கூறுவதும் அப்பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதும் ஒன்றே எனக் கருதும் மனப்பாங்கு இன்று அறிவுத்துறைகள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. எண்ணாற் சொல்லப்பட்டது உறுதியானது, சொல்லாற் சொல்லப்பட்டது ஐயத்துக்குரியது என்பதே அதன் சாரம். இதற்கு மாறாக, மனிதனை எண்ணுக்குள் அடக்க முனைவதே அவனை இழிவுபடுத்துவதாகும் என வாதிடுவோரும் உளர். கலைப்பீடத்தாராகிய நம்மிடையே இரண்டாவது கருத்துக்கே செல்வாக்கு அதிகம். ஆயின் இரு சாராரும் பெரும்பாலும் பொதுப்படையாகவே பேசுகின்றனர். எந்த எண், எவருடைய உடலிலிருந்து, யாரால், எதன்பொருட்டுப் பெறப்பட்டது என்று கேட்கத் தொடங்கின் விவாதம் வேறு வடிவம் பெறும். அவ்வாறு கேட்பதற்கு வாய்ப்பான ஓர் உதாரணத்தை மருத்துவத்தின் ஒரு மூலையிலிருந்து எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். தசையின் மின்னியக்கத்தை ஊசி கொண்டு பதிவுசெய்து, அப்பதிவை எண்களாக மாற்றி, வந்திருப்பது நரம்பு நோயா தசை நோயா எனத் துணியும் பரிசோதனையே அது. மருத்துவம் பயிலாத ஒருவர் இதனை எடுத்தாள்வது பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். பரிசோதனையை நடத்துவதற்கு மருத்துவக் கல்வி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதன் முடிவைக் கேட்டு, அம்முடிவோடு வாழவேண்டியவர்களோ பெரும்பாலும் மருத்துவம் பயிலாதவர்களே.

பரிசோதனையின் இயல்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். முண்ணாணின் முன்கொம்பிலுள்ள நரம்புக்கலம் ஒவ்வொன்றும் ஒரு நீண்ட நாரை வெளியே அனுப்புகின்றது. அந்நார் தசையினுட் சென்று கிளைத்துப் பல தசைநார்களைச் சென்றடைகின்றது. கலம் ஒருமுறை தூண்டப்படின் அதனைச் சார்ந்த தசைநார்கள் யாவும் ஒருங்கே சுருங்கும். ஒரு நரம்புக்கலமும் அதன் ஆட்சிக்குட்பட்ட தசைநார்களும் சேர்ந்த இக்குடும்பத்துக்கு 'இயக்க அலகு' என்ற பெயரை லிடெல், ஷெறிங்டன் என்னும் உடற்றொழிலியலாளர் இருவர் 1925 ஆம் ஆண்டில் வழங்கினர். கண்ணை அசைக்கும் தசைகளில் இக்குடும்பம் மிகச் சிறியது; பத்து நார்கள் அளவே கொண்டது. கெண்டைக்காலின் தசையிலோ ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட நார்கள் உள. 1929 ஆம் ஆண்டில் ஏட்ரியன், புறொங்க் ஆகிய இருவரும் ஒரு நுண்ணிய குழலூசியினுள்ளே காவலிடப்பட்ட கம்பியொன்றைச் செலுத்தி, அதனை மின்வாயாகப் பயன்படுத்தித் தனித்தனி அலகுகளின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் முறையை வெளியிட்டனர். அலைகளை ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்கவும் செய்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் ஊசிப் பரிசோதனைகள் இவ்வூசியின் வழிவந்தவையே.

இவ்வியக்க அலகு நோயுறும் முறைகள் இரண்டு. முதலாவது, தசைநார்களே அழிதல். அப்பொழுது குடும்பத்தின் உறுப்பினர் குறைகின்றனர். அலகு எழுப்பும் மின்னலையும் வீச்சத்திற் சிறுத்து, காலத்திற் குறுகிவிடுகின்றது. இரண்டாவது, நரம்புக்கலம் மடிதல். தலைவனை இழந்த தசைநார்கள் சிலகாலம் அநாதைகளாய்க் கிடக்க, அயலிலுள்ள நலமான நரம்பு நார்கள் கிளைவிட்டு அவற்றைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. அதனால் எஞ்சிய குடும்பங்கள் பெருக்கின்றன. அவற்றின் மின்னலை உயர்ந்தும் நீண்டும் தோன்றுகின்றது. ஊசியாற் காணப்படும் இப்பேரலை உண்மையிற் சிதைவின் அடையாளம் மட்டுமன்று, சீரமைப்பின் அடையாளமுமாகும். இச்சீரமைப்பின் திறத்தினால், ஒரு தசைக்குரிய நரம்புக்கலங்களிற் பாதியளவு மடிந்த பின்னரும் அதன் வலிமை குன்றாதிருத்தல் கூடும். இச்செய்தியை நினைவிற் கொள்க; இதனை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

நெடுங்காலமாக இவ்வலைகளைக் கண்ணாலும் காதாலுமே மதிப்பிட்டனர். இன்றும் பல இடங்களில் அவ்வாறே மதிப்பிடுகின்றனர். கைதேர்ந்த வைத்தியர் திரையைப் பாராமலே ஒலியைக் கொண்டு பலவற்றை உணர்வர். நரம்பிழந்த தசைநார்கள் தாமாகத் துடிக்கும் ஒலி தகரக் கூரையில் மழைத்துளி வீழ்வது போன்றது என்பர். தசை இறுகித் தளராத ஒருவகை நோயில் எழும் ஒலியை, இரண்டாம் உலகப் போரில் தலைகீழாய்ப் பாய்ந்து குண்டெறிந்த விமானத்தின் ஓலத்துக்கு ஒப்பிட்டனர். அப்போரை அறியாத தலைமுறையினர் மோட்டார் சைக்கிளை உவமையாக்கிக்கொண்டனர். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நோயின் நிலையைக் கூறும் நாடிவைத்தியரை அறிந்த நமக்கு இத்தகைய கேள்விஞானம் வியப்பூட்டுவதன்று. அதனை இகழ்தலும் தகாது. பல்லாண்டுப் பழக்கத்தால் வரும் அறிவு அறிவே.

எனினும் அவ்வறிவில் ஒரு தீங்கு ஒளிந்துள்ளது. ஊசியைக் கையிலெடுக்கும் வைத்தியர் வெறும் மனத்தோடு வருவதில்லை. நோயாளியை அனுப்பிய மற்றொரு வைத்தியரின் கடிதத்தை அவர் வாசித்துள்ளார். மெலிந்த கையைக் கண்டுள்ளார். குடும்பத்தில் இன்ன நோய் உண்டு எனக் கேட்டுள்ளார். இவற்றுக்குப் பின் திரையில் ஓடும் நூறு அலைகளுள் எதிர்பார்த்த வடிவமுடைய பத்து அலைகள் அவர் கண்ணிற் படுதல் இயல்பு. எதிர்பாராதவை கண்முன்னே ஓடி மறையும். பரிசோதனை முன்னரே கொண்ட கருத்துக்குச் சான்று கூறுவதாகவும், அக்கருத்து பரிசோதனையால் உறுதிப்பட்டதாகவும் அமைந்துவிடும். இங்கே வைத்தியர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதையே சொல்கின்றார். ஆயினும் நோயாளிக்குக் கிடைத்தது புதிய சாட்சியன்று, பழைய சாட்சியின் எதிரொலியே.

1950களில் கொப்பன்ஹேகனில் பிறிற்ஸ் புக்தாலும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த முறையை இந்நிலைக்குரிய மாற்றாகவே கருதுதல் வேண்டும். ஒரு தசையில் ஊசியைப் பல இடங்களிற் செலுத்தி, நோயாளியை மெல்ல இறுக்கச் செய்து, குறைந்தது 20 வேறுவேறு அலகுகளின் அலைகளைப் பதிவுசெய்தல். ஒவ்வொன்றின் கால அளவையும் மில்லி செக்கனிற் கணித்தல். அவற்றின் இடையை எடுத்தல். அதனை அதே வயதினரான நலமுடையோரின் அதே தசையிற் பெற்ற இடையோடு ஒப்பிடுதல் - இதுவே அம்முறை. வேறுபாடு நூற்றுக்கு 20 இற்கு மேற்படின் அது நோயின் குறி எனக் கொள்ளப்பட்டது. இளைஞர் ஒருவரின் புயத்திலுள்ள இருதலைத் தசையில் இவ்விடை ஏறத்தாழ 10 மில்லி செக்கன். வயது ஏறத் தானும் ஏறும். தசைக்குத் தசை மாறும். தசை குளிர்ந்திருப்பின் நீளும். இவற்றையெல்லாம் கருத்திற் கொண்டு வயதுவாரியாகவும் தசைவாரியாகவும் அட்டவணைகள் ஆக்கப்பட்டன. பின்னர் 1964 ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லிசன், நோயாளி தசையை வலிந்து இறுக்கும்போது அலைக்கோடு திரும்பும் தடவைகளை எண்ணும் முறையை முன்வைத்தார். உப்சாலாவில் ஸ்ரோல்பேர்க்கும் அவர் குழுவினரும் தனித் தசைநாரையே அளக்கும் அளவுக்குச் சென்றனர். 1990களின் பின் கணினி சில நிமிடங்களிற் பல அலகுகளைத் தானே பிரித்தளக்கும் நிலை ஏற்பட்டது.

புக்தாலின் முறையில் நான் காணும் சிறப்பு அதன் நுண்மையன்று. ஒழுக்கவியல் நோக்கிற் கூறின், தன் கண்ணைத் தானே முழுதும் நம்பாத ஒரு வைத்தியரின் தன்னடக்கம் அதில் உள்ளது. 20 அலகுகளையும் அளந்தே தீரவேண்டும் என்ற விதி, விரும்பிய பத்தை மட்டும் பொறுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறிக்கின்றது. எல்லையை முன்னரே வகுத்துவிடுவதால் முடிவு கண்ட பின் எல்லையை நகர்த்த இயலாது. மேலும், எழுதிவைத்த எண்ணை இன்னொருவர் சரிபார்க்கலாம். 'என் அனுபவத்தில் இது நரம்பு நோய்' என்ற கூற்றை எவராலும் சரிபார்த்தல் இயலாது. எண் மனிதனை இழிவுபடுத்துகின்றது என்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஈண்டு எண்ணின் கட்டுப்பாட்டுக்கு முதலில் உட்படுவது நோயாளியல்லர், வைத்தியரே. அதிகாரமுடையவரைக் கேள்விக்குட்படுத்தும் கருவியாக அளவு பயன்படும்போது அது வலியற்றவருக்குத் துணையாகின்றது.

ஆயின் இவ்விடத்தில் நின்றுவிடின் எண்ணின் புகழ்பாடியவர்களாவோம். அளவு தீர்ப்பை ஒழித்துவிடவில்லை. அதனை வேறிடத்துக்கு மாற்றியுள்ளது. அலையொன்று எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதையே எடுத்துக்கொள்வோம். கோடு மெல்ல மெல்லக் கிடைமட்டத்திலிருந்து எழுந்து மெல்ல மெல்லத் திரும்புகின்றது. கருவியின் பெருக்கத்தை உயர்த்தின் தொடக்கமும் முடிவும் மேலும் விலகித் தோன்றும், அலை நீண்டுவிடும். எனவே எந்தப் பெருக்கத்தில் அளப்பது என முன்கூட்டியே உடன்பட்டால் அன்றி எண்ணுக்குப் பொருளில்லை. அவ்வாறே, மெல்ல இறுக்கும்போது முதலிற் செயற்படுவன சிறிய அலகுகளே. பெரியவை வலிந்து இறுக்கும்போதுதான் சேர்ந்துகொள்ளும். ஆகவே அந்த 20 அலகுகளும் தசையின் எல்லா அலகுகளுக்கும் பிரதிநிதிகளல்ல. இடை என்பதும் சிலவேளை மறைப்பாகின்றது. முதியோரிடையே காணப்படும் ஒருவகைத் தசை அழற்சியிற் குறுகிய அலைகளும் நீண்ட அலைகளும் கலந்து தோன்றும். இரண்டையும் கூட்டி இடை எடுப்பின் 'குறையொன்றுமில்லை' என்ற விடை வருதல் கூடும். நோயுற்ற தசை எண்ணில் நலமுற்றுவிடும்! இதனாலேயே பிற்காலத்தார் இடையை மட்டும் நோக்காது, எல்லைக்கு அப்பால் விழும் அலகுகள் எத்தனை எனவும் எண்ணலாயினர்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள், திருத்தப்பட்டும் வருகின்றன. திருத்தத்தால் தீராத வினா ஒன்று உண்டு. 'நலம்' என்பதற்கு எல்லை வகுப்பது எவ்வாறு?

பெல்ஜிய வானியலாளராகிய கெற்லே 1835 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை அறிமுகஞ் செய்தார். பின்னர் ஸ்கொத்லாந்துப் போர்வீரரின் மார்பளவுகளை எடுத்து, விண்மீனின் இடத்தை அளக்கும்போது ஏற்படும் வழுக்களைப் போலவே அவையும் ஓர் இடையைச் சுற்றிப் பரவியுள்ளன எனக் காட்டினார். விண்மீனுக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. அளவைகள் அதிலிருந்து வழுவுகின்றன. மனிதருக்கும் அவ்வாறே உண்மையான வடிவம் ஒன்று உண்டு, நாமெல்லாம் அதிலிருந்து வழுவியவர்கள் என்ற எண்ணம் இவ்வொப்புமையால் உள்ளே நுழைந்தது. நலமுடையோரின் அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் எவரும் இவ்வெண்ணத்தின் வாரிசாகிவிடும் ஆபத்து உண்டு.

இடையிலிருந்து இரண்டு நியம விலகல்களுக்கு அப்பாற்பட்டது இயல்பன்று என வகுக்கும் வழக்கத்தை நோக்குக. அதன்படி நலமுடையோர் நூறு பேரில் ஏறத்தாழ ஐவர் எல்லைக்கு வெளியே நிற்பர். அவர்கள் நோயாளரல்லர், எல்லையின் அமைப்பினால் வெளித்தள்ளப்பட்டவர்கள். அளவு ஒன்றாயின் இத்தீங்கு சிறிது. ஒன்றோடொன்று தொடர்பற்ற பத்து அளவுகளை ஒருவரிடம் எடுப்பின், அவர் முற்றும் நலமுடையவராயினும் ஒன்றிலாவது எல்லை மீறும் நிகழ்தகவு நூற்றுக்கு 40 ஆகின்றது. இருபது எடுப்பின் நூற்றுக்கு 64. மிகுதியாக அளக்குந்தோறும் உண்மையை நெருங்குவோம் என்ற நம்பிக்கையை இக்கணக்கு அசைக்கின்றது. எத்தனை மீறல்களைப் பொறுத்துக்கொள்வது என்பதைக் கணிதம் சொல்லாது. எல்லையை நெருக்கி வைப்பின் நலமுடையோர் பலரை நோயாளராக்குவோம். விரித்து வைப்பின் நோயாளர் பலரை நலமென அனுப்பிவிடுவோம். எந்தத் தவறு கொடியது என்ற முடிவு எடுக்கப்பட்ட பின்னரே கோடு வரையப்படுகின்றது. அம்முடிவு அட்டவணையில் அச்சிடப்படுவதில்லை. எண்ணின் பின்னே ஒளிந்திருக்கும் ஒழுக்கவியல் தீர்ப்பு இதுவே என்பது என் துணிபு. கொப்பன்ஹேகனில் ஆக்கப்பட்ட அட்டவணை பாடநூல்களின் வழியாகப் பல நாடுகளுக்கும் சென்றபோது எண்கள் சென்றன. கோட்டை அங்கே வரைந்தமைக்கான காரணங்கள் அதே தெளிவுடன் சென்றன எனல் இயலாது.

பிரெஞ்சு மெய்யியலாளர் கங்கிலெம் 1943 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டத்துக்கென எழுதிய ஆய்வு இவ்விடயத்தில் நமக்குத் துணைசெய்கின்றது. இயல்பு என்பது சராசரியன்று என்பது அவர் வாதம். புதிய சூழலுக்கேற்பப் புதிய நியமங்களைத் தனக்கெனப் படைத்துக்கொள்ளும் உயிரின் ஆற்றலே நலம். அவ்வாற்றல் சுருங்குதலே நோய். நோயை முதலில் அறிபவர் நோயாளியே; வைத்தியர் பின்னரே வருகின்றார். இக்கருத்து நம் மனத்துக்கு உவப்பானது. ஆயின் முன்னர் நினைவிற் கொள்க எனக் கூறிய செய்தி இதற்கு இடராக நிற்கின்றது. நரம்புக்கலங்களிற் பாதி மடிந்தும் வலிமை குன்றாத ஒருவர், தம்மில் எக்குறையும் உணராதிருக்கும்பொழுதே ஊசி பேரலைகளைக் காட்டிவிடும். இங்கே நோயை முதலில் அறிந்தது நோயாளியன்று, கருவி. கங்கிலெமின் நூலிலேயே இதற்கு விடையுண்டு: அந்தப் பேரலைக்குப் பொருள் உண்டென வைத்தியர் அறிந்தது, முன்னொருகால் வேறு நோயாளர் 'என் கை தளர்கின்றது' என முறையிட்டதனாலேயே. அம்முறையீடுகள் இல்லாவிடின் பேரலையும் வெறும் வளைகோடே. இவ்விடை எனக்கு முக்காற்பங்கு நிறைவு தருகின்றது. பழைய நோயாளர் தந்த பொருளைக் கொண்டு இன்னும் முறையிடாத ஒருவரை நோயாளி என அழைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பது எஞ்சிய காற்பங்கு. அதே பேரலை, சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு தேறியவரிடமும் காணப்படும். அவரிடம் அது கடந்துபோன போரின் தழும்பு. இன்னொருவரிடம் அது தொடங்கியுள்ள போரின் முதற் செய்தி. அலை தனித்து நின்று இதனைக் கூறாது. வரலாற்றைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இவ்வினா ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பதை இயக்க நரம்புக்கல நோய் காட்டும். முண்ணாணிலும் மூளையிலுமுள்ள இயக்க நரம்புக்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும் நோய் அது. குறி தோன்றியபின் பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே வாழ்வர். 1995 முதற் கிடைக்கும் றிலுசோல் என்னும் மருந்து அக்காலத்தைச் சிறிதளவே நீட்டும். 2023 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மற்றொரு மருந்து குறிப்பிட்ட ஒரு மரபணுக் குறையுள்ள சிலருக்கே உரியது. இந்நோயென ஒருவரிடம் சொல்வது அவருடைய எஞ்சிய வாழ்நாளுக்கு உருவங் கொடுப்பதாகும். மறுபுறத்தில், இதனைப் பெரிதும் ஒத்துத் தோன்றும் இன்னொரு நோய் உண்டு. அதில் இயக்க நரம்புகள் இடையிடையே கடத்தல் தடைப்பட்டு நிற்கும். ஊசிப் பதிவில் அங்கும் பெரிய, நீண்ட அலைகள் தோன்றலாம். நரம்பின் கடத்தலைத் தனியே சோதித்தாலன்றி வேறுபாடு புலப்படாது. அந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. எதிர்ப்புப் புரதங்களை நாளத்தினூடாகச் செலுத்தினால் தளர்ந்த கை மீளலாம். எத்துணைத் துல்லியமாக 20 அலகுகளை அளந்தாலும், கேட்கவேண்டிய கேள்வியை விட்டு வேறொன்றைக் கேட்டிருப்பின் அத்துல்லியம் நோயாளியைப் பிழையான பாதையில் உறுதியாகச் செலுத்தும்.

இந்நோயின் நிச்சயத்துக்குப் படிகள் வகுத்த வரலாறும் சிந்தனைக்குரியது. ஸ்பெயினின் எல் எஸ்கோரியல் நகரிற் கூடிய அறிஞர் வகுத்த அளவுகோல்கள் 1994 இல் வெளிவந்தன. 'உறுதியானது', 'நிகழக்கூடியது', 'இருக்கலாம்', 'ஐயத்துக்குரியது' என நான்கு படிகள். 2000 ஆம் ஆண்டின் திருத்தத்தில் ஆய்வுகூடச் சான்றுக்கெனத் தனிப்படி ஒன்று சேர்க்கப்பட்டது. யப்பானின் அவாஜியிற் கூடியோர் 2008 இல் வெளியிட்ட அளவுகோல்களில், ஊசியாற் பெறும் சான்றுக்கும் உடலைப் பார்த்துப் பெறும் சான்றுக்கும் சமமதிப்பு அளிக்கப்பட்டது. இப்படிகள் பெரிதும் மருந்தாய்வுகளுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யப் பயன்பட்டவை. ஆயின் சொல் ஆய்வுகூடத்துக்குள் அடங்கியிருக்குமா? 'இருக்கலாம்' என்ற சொல்லை ஆய்வாளர் சான்றின் பரப்பைக் குறிக்க வழங்கினர். நோயாளி அதனை நம்பிக்கையின் அளவாகக் கேட்டார். இல்லாமலும் இருக்கலாம் அல்லவா என அவர் நினைத்தார். உண்மையில் 'இருக்கலாம்' என்ற படியிலேயே நின்று இறந்தோரும் உளர். அவர்களது நோய் எப்போதும் உறுதியானதாகவே இருந்தது. உறுதிப்படாதது வைத்தியரின் கோப்பு மட்டுமே. 2020 இல் வெளிவந்த கோல்ட் கோஸ்ட் அளவுகோல்கள் இப்படிகளைக் கைவிட்டு, நோய் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டையே கொண்டன. அறிவின் நுண்மையைக் குறைத்து மொழியின் நேர்மையைக் கூட்டிய செயலாக இதனை நான் மதிக்கின்றேன். ஐயத்தின் படிகளை அழிப்பதும் ஒருவகைப் பொய்யன்றோ எனக் கேட்போருக்கு ஒன்று கூறலாம்: ஐயத்தை நோயாளியிடம் வாய்மொழியாக விளக்குவதை எந்த அளவுகோலும் தடைசெய்யவில்லை.

இனி, இவ்வெண்களின் விலையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இரத்தத்தை ஒருமுறை எடுத்தபின் அதில் எத்தனை சோதனை செய்யினும் நோயாளிக்கு நோவதில்லை. தசைமின் பரிசோதனையிலோ எண் ஒவ்வொன்றும் ஊசி உள்ளே நிற்கும்போதே பெறப்படுகின்றது. 20 வேறுவேறு அலகுகளைக் காண்பதற்கு ஊசியைப் பின்னிழுத்தும் திசைமாற்றியும் மீண்டும் செலுத்தல் வேண்டும். ஒரு தசை போதாது. கை, கால், முதுகு, சிலவேளை நாக்கு எனப் பலவற்றைப் பார்க்கவேண்டும். நிச்சயம் ஏறுந்தோறும் வலியும் ஏறுகின்றது. சிறுவரிடத்து இக்கணக்கு இன்னும் கடினமானது. தசைநலிவு நோயுற்ற ஆண் குழந்தைகள் பலர் முன்னாளில் இவ்வூசிக்கு உட்பட்டனர். அந்நோய்க்குரிய மரபணு 1986 இலும், அது ஆக்கும் புரதம் 1987 இலும் கண்டறியப்பட்டபின், படிப்படியாக இரத்தத்தில் மரபணுவைச் சோதித்தே நோயை அறியும் வழி பரவியது. அக்குழந்தைகளைப் பொறுத்தவரை அளவீட்டின் பெருமுன்னேற்றம், அளவீடு வேண்டாததாயிற்று என்பதே.

வலியோடு சேர்த்து நோக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. எலும்பின் நிழற்படத்தை மயங்கிக் கிடப்பவரிடமும் எடுக்கலாம். புக்தாலின் எண்களை அவ்வாறு எடுத்தல் இயலாது. 'மெல்ல இறுக்குங்கள், இன்னும் சற்று, போதும்' என வைத்தியர் சொல்ல, ஊசி குத்திநிற்கும் தசையை நோயாளி தாமே இயக்கித் தரவேண்டும். அவர் மறுப்பின் திரையிற் கோடு நேராக ஓடும், அளக்க ஒன்றுமிராது. ஆகவே இவ்வெண்கள் நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதினும் அவரால் தரப்பட்டவை என்பதே பொருத்தம். மனிதனை வெறும் பொருளாக்குகின்றது எனக் குற்றஞ்சாட்டப்படும் அளவீடு, அவனுடைய விருப்பமின்றி ஓர் எண்ணையேனும் பெறமாட்டாத நிலையில் இங்கே நிற்கின்றது. இவ்வுழைப்புக்கு உரிமையொன்று உண்டு என நான் கருதுகின்றேன்: எதற்காக இறுக்கச் சொல்கின்றீர்கள், இதனால் எதனைத் தெரிந்துகொள்வீர்கள் எனக் கேட்கும் உரிமை.

12 அலகுகள் அளக்கப்பட்டுவிட்டன, அட்டவணைக்கு இன்னும் 8 வேண்டும் என வைத்துக்கொள்வோம். நோயாளி 'போதும்' என்கின்றார். எஞ்சிய எட்டும் சிகிச்சையுள்ள நோயொன்றைக் கண்டுபிடிக்கவோ விலக்கவோ உதவுமாயின், அதனை விளக்கி, இன்னும் சற்றுப் பொறுக்கும்படி கேட்பது வைத்தியரின் கடமை. வெறுமனே 'விதி' எனக் கூறுதல் போதாது. அந்த எட்டும் எதனையும் மாற்றப்போவதில்லை, பதிவு நிறைவுறுவதற்கும் முடிவு சக வைத்தியரால் ஒப்புக்கொள்ளப்படுவதற்குமே தேவை எனின், அதனையும் அவ்வாறே சொல்லுதல் வேண்டும். பதிவு நிறைவுறுதல் சிறிய காரியமன்று. நாளை வரும் நோயாளருக்கான அட்டவணை இன்று ஊசியைப் பொறுத்தவர்களாலேயே ஆக்கப்படுகின்றது. நலமுடையோர் சிலர் தமக்கொரு பயனுமின்றித் தம் தசையை ஊசிக்குக் கொடுத்திராவிடின் புக்தாலிடம் அட்டவணையே இருந்திராது. ஆயின் அவர்கள் எதற்காகக் கொடுக்கின்றோம் என அறிந்து கொடுத்தனர். அதே அறிவோடு எட்டையும் தரலாமா, பன்னிரண்டோடு எழுந்து செல்லலாமா எனத் தீர்மானிக்க வேண்டியவர் கட்டிலிற் கிடப்பவர். அவர் எழுந்து சென்றால், அறிக்கையில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என எழுதும் வழக்கம் உண்டு. '12 அலகுகள் அளக்கப்பட்டன. அதன்மேல் நோயாளி விரும்பவில்லை' என எழுதலாம்.